வாடைக்குப் பின் வரும் காலம்: மாங்கேணிக் கரை பற்றிய ஒரு பழைய கடன்

பிரான்சின் தென்கரையில், மார்செய் நகரில் வாழும் பழைய வாசகர் ஒருவர் எனக்கு அவ்வப்போது மடல் எழுதுவதுண்டு. யாழ்ப்பாணத்தவர். வாரமலரில் நான் எழுதிய காலத்திலிருந்தே என்னோடு சண்டை பிடித்து வருபவர். அண்மையில் அவர் எழுதிய மடலில் சண்டை இல்லை. ஒரு கேள்வி இருந்தது. மே மாத இறுதியில் அவர் குடும்பத்தோடு செயின்த் மரி தெ லா மேர் என்னும் சிற்றூருக்குச் சென்றிருந்தாராம். ரோன் நதி கடலோடு கலக்கும் கமார்க் பகுதியில், வாவிகளுக்கும் உப்பளங்களுக்கும் நடுவில் இருக்கும் ஊர் அது. ஆண்டுதோறும் மே 24 ஆம் திகதி, ஐரோப்பாவெங்குமிருந்து ரோமா மக்கள் அங்கே திரண்டு, சாரா என்னும் கரிய நிறத் திருமகளின் சிலையைத் தேவாலய நிலவறையிலிருந்து வெளியே எடுத்து, வெள்ளைக் குதிரைகள் முன்செல்லக் கடலுக்குள் கொண்டு செல்கிறார்கள். மறுநாள் இரு மரியாள்களின் ஊர்வலம். "மேள வாத்தியம் ஒன்றுதான் குறை ஐயா, மற்றபடி தீர்த்தத் திருவிழாதான்" என்று எழுதிவிட்டு அவர் கேட்டிருந்தார்: "உங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக் கரையிலும் இப்படிக் காலம் பார்த்து வரும் விழாக்கள் உண்டா? நாங்கள் வன்னிக்குத் தெற்கே ஒன்றும் அறியாமல் வளர்ந்துவிட்டோம்."

மட்டக்களப்பு 'என் பக்கம்' அல்ல. நான் அங்கு பிறந்தவனும் அல்லன். ஆயினும் அந்தக் கரையில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அந்தக் கடனைப் பற்றி எழுதாமல் இக்கேள்விக்கு விடையளிக்க என்னால் இயலாது. ஆகவே வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு என்னைத் தொடர வேண்டும்.

முதலில் அந்த மத்தியதரைக் கரையைப் பற்றி ஒரு சொல். ரோமா மக்களின் மொழி இந்தியாவிலிருந்து சென்றது என்பது மொழியியலாளர் நிறுவிய உண்மை. ஆனால் சாராவின் சிலையைக் கடலுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம், பலரும் எண்ணுவது போல் ஆயிரம் ஆண்டுப் பழமையானதன்று. 1935 இல்தான் அது தொடங்கியது. அப்பகுதியின் எழுத்தாளரும் பிரபுவுமாகிய பரோன்செல்லி என்பவரின் முயற்சியால் நேர்ந்தது. அதுபோலவே நீஸ் நகரத்துக் கார்னிவல் இன்றைய ஊர்வல வடிவத்தைப் பெற்றது 1873 இல். அக்காலத்தில் அக்கரைக்குச் சீசன் என்பது குளிர்காலம். ஆங்கிலேயச் சீமான்கள் தங்கள் ஊர்ப் பனிக்கு அஞ்சி அங்கே வந்து தங்குவார்கள். கோடை பிறந்ததும் கதவடைத்துப் போய்விடுவார்கள். வெயிலில் கிடப்பது நாகரிகம் என்றானது 1920களுக்குப் பின்னர்தான். கடற்கரை ஒன்றின் 'காலம்' எது என்பதைக் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் வருகிறார்கள், யாருக்காகக் கதவு திறக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது அது.

நமது கிழக்குக் கரைக்கு வருவோம்.

இலங்கையின் கிழக்கில் மழை என்பது மாரி மழை. ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு கொட்டித் தீர்க்கும். கடல் மண்ணிறமாகிப் பொங்கும். வாவிகள் நிறைந்து முகத்துவாரங்களை வெட்டிக்கொண்டு கடலில் விழும். தோணிகள் கரையேறிவிடும். பங்குனி கடந்து சித்திரை பிறந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று எழும்போது கொழும்பும் காலியும் நனைகின்றன. அதே காற்று மலைநாட்டில் தன் நீரையெல்லாம் இழந்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வறண்ட வெக்கையாக வந்து சேருகிறது. இதைத்தான் மட்டக்களப்பார் கச்சான் என்பர். கச்சான் வீசும் மாதங்களில் வயல் அறுவடை முடிந்திருக்கும் அல்லது நீர்ப்பாய்ச்சலுள்ள இடங்களில் மட்டும் சிறுபோகம் நடக்கும். கடல் கண்ணாடி போலக் கிடக்கும். மனிதருக்கு ஓய்வும், தெய்வத்துக்கு வேலையும் வரும் காலம் அது. சித்திரை முதல் புரட்டாதி வரை அந்தக் கரையில் விழா இல்லாத வாரம் அரிது.

மாங்கேணி, வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கடலோரப் பெருஞ்சாலையில் இருக்கிறது. ஒரு புறம் கடல். மறுபுறம் பற்றைக்காடும் வாவியும். தெற்கே காயான்கேணி, வடக்கே பனிச்சங்கேணி, அதற்கும் வடக்கே வாகரை, கதிரவெளி. இப்பெயர்களில் வரும் கேணி, காட்டு மக்களும் அவர்தம் விலங்குகளும் நீரருந்திய சிறு நீர்நிலைகள்தாம். மாமரம் நின்ற கேணி, பனிச்சை நின்ற கேணி. பெயரிட்டவர்கள் யாரென்று பின்னால் சொல்கிறேன்.

நான் அங்கு முதன்முதல் போனது 1975 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில். அன்று கொழும்பில் ஒரு நாளிதழில் இளம் நிருபன். இலங்கை உல்லாசப் பயணச் சபை 1966 இல் உருவாகி, அடுத்த ஆண்டே பத்தாண்டுத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டு, அதில் கிழக்குக் கரையும் ஒரு வலயமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழுந்தன. அங்கே கடல் அதிசயமாக ஆழமற்றது. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து போனாலும் நீர் மார்பைத் தொடாது. ஜேர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் வந்து கிடந்தனர். "வெள்ளைக்காரன் சீசன் பற்றி ஒரு முழுப்பக்கம் வேண்டும், படங்களோடு" என்றார் ஆசிரியபீடத்திலிருந்த பெரியவர். இரவுப் புகையிரதத்தில் ஏறி, ஒரு படப்பிடிப்பாளரோடு கல்குடா நிலையத்தில் போய் இறங்கினேன். 1928 இல் மட்டக்களப்பு வரை இட்ட அந்த இருப்புப்பாதை இல்லையேல் பாசிக்குடாவை யாரும் கண்டிருக்கமாட்டார்கள்.

இரண்டே நாளில் வெள்ளைக்காரர் அலுத்துவிட்டனர். வெயிலில் கிடந்து சிவக்கும் மனிதரைப் பற்றி ஒரு முழுப்பக்கம் எழுதுவதெப்படி? மீன் ஏற்றப் போகும் லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு வடக்கே போனோம். அங்கேதான் உண்மையான சீசன்காரரைக் கண்டேன். நீர்கொழும்பு மீனவர்கள்! மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிழக்கே வந்து, முல்லைத்தீவு தொடக்கம் மட்டக்களப்பு வரை வாடி அமைத்துத் தங்கி, கரைவலை இழுத்துக் கருவாடு போட்டுக்கொண்டு, ஒக்டோபர் வாடைக்கு முன் ஊர் திரும்புவார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த இடப்பெயர்வு. கத்தோலிக்கர். வீட்டுக்குள் சிங்களம், கடலில் தமிழ், செபத்தில் இரண்டும் என்று கலந்து பேசுவார்கள். வாடிக்குப் பக்கத்தில் ஓலையால் ஒரு சிறு கோவில் கட்டி அந்தோனியாரை வைத்திருந்தனர். அவ்வூர்த் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே மெழுகுதிரி கொளுத்துவதைப் பார்த்தேன். கிழக்கின் 'பருவகால ஈர்ப்பு' எது என்று யாரேனும் என்னைக் கேட்டால் நான் முதலில் சொல்வது இவர்களைத்தான். 1983 இற்குப் பின் இவ்வரவு அறுந்தது. போர் முடிந்தபின் மீண்டும் வரத் தொடங்கியபோது உள்ளூர் மீனவரோடு முரண்பாடும் சேர்ந்தே வந்தது. அது வேறு கதை.

அன்றிரவு மாங்கேணியில் பறையொலி கேட்டது.

மீன் ஏற்றும் லொறி மறுநாள் காலைதான் திரும்பும் என்றதால் நாங்கள் ஒலி வந்த திசையில் நடந்தோம். பற்றைக்காட்டின் ஓரத்தில் ஒரு வெளி. ஓலைப்பந்தல், வெள்ளைத்துணி, தென்னங்குருத்துத் தோரணம், மடைப்பெட்டியில் வெற்றிலையும் பழமும் தேனும். ஓர் ஓரத்தில் வில்லும் அம்பும். இன்னோர் ஓரத்தில் மரத்தில் செய்த ஒரு சிறு கப்பல். மெலிந்த முதியவர் ஒருவர் வெள்ளை கட்டித் தெய்வமாடிக்கொண்டிருந்தார். பெண்கள் குரவையிட்டனர். எனக்கு அருகில் நின்றவரிடம் "இது என்ன கோயில்?" என்று கேட்டேன். "கோயில் இல்ல தம்பி, சடங்கு. நாங்க வேடர்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேடர் என்றால் தம்பானையிலும் பிந்தனையிலும் கோடரியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் என்றுதான் நான் படித்திருந்தேன். இவர்கள் தமிழ் பேசினர், மீன் பிடித்தனர், எங்களைப் போலவே சாரம் உடுத்திருந்தனர். கொழும்பு திரும்பிய பின்னர்தான் நூலகத்தில் செலிக்மன் தம்பதியரின் 'வேடர்கள்' என்ற நூலைத் தேடிப் படித்தேன். 1911 இல் வெளிவந்த அந்நூலில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே வாழும் கரையோர வேடருக்கென ஓர் அத்தியாயமே இருக்கிறது. கடல்வழியாக வந்த 'கப்பற் பேய்'களுக்கு அவர்கள் சடங்கு செய்ததும் அதில் வருகிறது. நான் கண்ட அந்தச் சிறு மரக்கப்பலின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கரைக்கு எது வந்தாலும், கப்பலோ காய்ச்சலோ அந்நியனோ, அதைத் துரத்தாமல் அதற்கும் ஒரு பந்தலைக் கொடுத்து, அதன் பெயரைச் சொல்லி அழைத்து, உண்ணக் கொடுத்து அனுப்பிவிடும் ஒரு முறை. மாண்ட முன்னோரை அவர்கள் உத்தியாக்கள் என்றனர். கேணிகளுக்கெல்லாம் பெயரிட்டவர்கள் அந்த உத்தியாக்களாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் ஊகம். எவரும் மறுத்தால் பணிவோடு கேட்டுக்கொள்வேன்.

சடங்கு விடியும்வரை நடந்தது. படப்பிடிப்பாளர் மின்னொளி போட்டு இரண்டோ மூன்றோ படம் எடுத்தார். ஆடி முடித்து நீராடி வந்த முதியவர், அதாவது கட்டாடியார், என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி பேப்பர்ல போடுவீங்களா?"

"கட்டாயம் ஐயா."

"போட்டா எனக்கொண்டு அனுப்புங்க. எனக்கு வாசிக்கத் தெரியா. மகள் பள்ளிக்குப் போறாள், அவள் வாசிப்பாள். மறுகா நாங்க இருக்கிறம் எண்டு நாலு பேர் அறியட்டும்."

நான் ஆறு பக்கம் எழுதினேன். வெளிவந்தது என்ன தெரியுமா? ஹோட்டல்களைப் பற்றி மூன்று பந்திகள். பாசிக்குடாக் கடலில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் பெரிய படம். கீழே, தபால்தலையைவிடச் சற்றுப் பெரிதாக, கட்டாடியாரின் படம். அதன் அடியில்: 'பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகளை மகிழ்விக்கும் கிராமிய நடனம்.' அந்த வரியை நான் எழுதவில்லை. ஆனால் அப்பக்கத்தின் தலைப்பில் என் பெயர் இருந்தது. பத்திரிகை எது, பெரியவர் யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நான் எதிர்த்துப் பேசவில்லை என்பதே முக்கியம். வேலை புதிது. அந்த இதழை மாங்கேணிக்கு அனுப்பவும் இல்லை.

*

நண்பரின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லி முடிக்கவில்லை. அந்தக் கரையின் ஆண்டு வட்டத்தில் வேடர் சடங்கு ஒரு துளிதான். பெருவெள்ளம் கண்ணகை அம்மனுடையது. (அங்கே கண்ணகி என்பதில்லை, கண்ணகை.) மட்டக்களப்புத் தேசம் முழுவதும், தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழூர், கன்னன்குடா, வந்தாறுமூலை என்று ஊர்தோறும் அவளுக்குக் கோயில். பல கோயில்களில் ஆண்டுக்கு ஒரு முறைதான் கதவு திறக்கும், வைகாசியில். சில நாட்கள் சடங்கு நடந்து, 'கண்ணகி வழக்குரை' ஓதப்பட்டு, கடைசி நாளில் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் வெம்மையைத் தணிப்பது. கச்சான் வீசி, குளம் வற்றி, அம்மை நோய் பரவும் மாதத்தில் ஊர் முழுவதும் ஒன்று கூடித் தெய்வத்தைக் குளிர்விக்கிறது என்றால் அதற்கு வேறு விளக்கம் தேவையா? சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில், செங்குட்டுவன் எடுத்த விழாவில் கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்ததாகச் செய்தி வருகிறது. சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்யோ என்கின்றனர். தமிழர் ஊரை வடசேரி, தென்சேரி எனப் பிரித்துக் கோவலன் கட்சி, கண்ணகி கட்சியாக நின்று வளைந்த கொம்புகளைக் கோத்து இழுக்கும் கொம்பு விளையாட்டை, சிங்கள ஊர்களில் அங்கெலிய என்பர். ஒரே விளையாட்டு, ஒரே தெய்வம். இதைப் பற்றி எழுதும்போது அரசியல் பேசாமல் இருப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது, ஆனாலும் இருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு ஒரு சீண்டல்: உங்கள் பக்கத்திலும் கண்ணகி கோயில்கள் இருந்தன. சைவ ஆசாரம் பெருகிய காலத்தில் 'செட்டிச்சியை வணங்குவதா' என்ற வெட்கம் வந்து, பலவற்றில் அவள் இராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் பெயர் மாறிப்போனாள். மட்டக்களப்பார் அவ்வளவு எளிதில் வெட்கப்படவில்லை. மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி.சீ. கந்தையா 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலை வெளியிட்டார். வழக்குரையைப் பதிப்பித்தவரும் அவரே. அவர் நூல் வந்திராவிட்டால் என்னைப் போன்ற வெளியூரவன் இவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்க முடியாது.

கூத்தையும் சேர்க்கவேண்டும். வடமோடி, தென்மோடி. அறுவடை முடிந்த களத்தில் மாதக்கணக்கில் இரவுகளில் பழகி, சதங்கை அணிந்து, வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றுவார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைச் சுருக்கி மேடையேற்றியபோதுதான் கொழும்புத் தமிழருக்கு இது 'கலை' ஆயிற்று. அதில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு இளைஞர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய பெருநூலை 1998 இல் தந்தார். அதற்கு முன்னரே, 1956 இல், சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள அரங்கைப் புரட்டிப்போட்டது. அதற்கு அடிப்படையான நாடகம என்னும் வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து போனதுதான்.

ஆடியில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அமாவாசையன்று மட்டக்களப்பில் பேருந்தில் இடம் கிடையாது. ஆவணியில் மண்டூர் முருகன், அங்கே சிறுமியர் ஆலாத்தி எடுக்கும் காட்சி வேறெங்கும் காணாதது. அடுத்துக் கொக்கட்டிச்சோலைத் தேர். மாங்கேணியாருக்கு மிக நெருக்கமானது வடக்கே வெருகல் ஆற்றங்கரைச் சித்திரவேலாயுதர் திருவிழா. மகாவலியின் ஒரு கிளை கடலை அடையும் இடம் அது. முன்னாளில் அதற்குப் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு 'பாதை'யில் ஏறிக் கடக்கவேண்டும். (பாதை என்றால் அங்கே நீரில் மிதக்கும் தெப்பம், வெளியூரார் குழம்பவேண்டாம்.) திருகோணமலை வரை அப்படித்தான். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றப் பாதைகளும் பாலங்களாயின.

இதே சாலையில்தான் கதிர்காமப் பாதயாத்திரை போகும். செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், வாகரை, மட்டக்களப்பு, திருக்கோயில், உகந்தை, அப்பால் குமண, யாலக் காடுகள் வழியே ஆடிவேலுக்குக் கதிர்காமம். கடலோரமாக மாதக்கணக்கில் நடக்கும் இந்த யாத்திரைக்கு ஈடாகச் சொல்ல எனக்கு வேறொன்று தெரியாது. செயின்த் மரிக்கு ரோமா மக்கள் இன்று பெரும்பாலும் ஊர்தி வீடுகளில் வருகிறார்கள். நம் சாமிமார் வேலைத் தோளில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிறார்கள். போர்க்காலத்தில் யாத்திரை துண்டு துண்டாயிற்று. வடக்கிலிருந்து வரமுடியாத ஆண்டுகளில் கிழக்கார் மட்டும் நடந்தனர். முற்றாக நின்றுவிடாமல் 1988 அளவில் அதற்குப் புத்துயிர் கொடுத்தவர்களில் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர் ஒருவரும் இருந்தார் என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

பயணக் கையேடுகள் சொல்லும் ஈர்ப்புகளை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். கல்லடிப் பாலத்தின் பாடும் மீன்: டெனன்ட் 1848 செப்டெம்பரில் நேரில் கேட்டு, 1859 இல் தம் நூலில் எழுதினார்; மீனவர் அவரிடம் மீன் என்று சொல்லவில்லை, ஊரி என்று சொன்னார்கள். 1950களில் லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவுசெய்து, அது இலங்கை வானொலியில் ஒலித்தது. சித்திரை முதல் புரட்டாதி வரை, பூரணை இரவில், பேசாமல் தோணியில் இருக்கத் தெரிந்தவருக்குக் கேட்கும் என்கிறார்கள். நான் மூன்று முறை முயன்றேன்; கொசுவின் பாட்டுத்தான் கேட்டது.

ஹேர்மிஸ் கப்பல் வேறு வகை. 1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையிலிருந்து தப்பித் தெற்கே போன அந்த விமானந்தாங்கியை, அதில் ஒரு போர் விமானமும் இல்லாத நிலையில், யப்பானியர் மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடித்தனர். 307 பேர் மாண்டனர். அன்றே 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க்கப்பலும் இக்கரைக்கு அப்பால் மூழ்கியது. அமைதியான கடல் மாதங்களில் சுழியோடிகள் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். சென்று பார்த்த ஒருவர் அந்த இரும்பில் மென்பவளமும் மீன்களும் குடியேறியிருப்பதாகச் சொன்னார். கப்பற் பேய்களுக்குச் சடங்கு செய்த மக்களின் கரையில் இப்படி ஒரு கப்பல் கிடப்பது எனக்கு வியப்பாக இல்லை.

*

மாங்கேணிக்கு மீண்டும் போக எனக்கு 28 ஆண்டுகள் ஆயின. இடையில் என்னென்னவோ நடந்துவிட்டன. 1978 நவம்பர் 23 இரவில் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. 900 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டத்தின் தென்னைகளில் பெரும்பகுதி விழுந்தது. 1983 இற்குப் பின் பாசிக்குடாவில் வெள்ளைக்காரர் அற்றுப்போயினர். ஹோட்டல்கள் வெறுஞ்சுவர்களாக நின்றன. மாங்கேணியை அண்டிய மரமுந்திரிகைத் தோட்டம் 'கஜுவத்தை' என்ற பெயரில் போர்ச்செய்திகளில் இராணுவ முகாமாக அடிபட்டது. அச்செய்திகளைக் கொழும்பில் இருந்து திருத்தித் தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு முறை அப்பெயர் வரும்போதும் பறையொலி காதில் கேட்கும்.

2003 இல், போர்நிறுத்தக் காலத்தில், போனேன். கட்டாடியார் காலமாகியிருந்தார். பள்ளிக்குப் போன மகள் நடுத்தர வயதுப் பெண்ணாகியிருந்தார். நான் என்னை அறிமுகப்படுத்தியதும் அவர் சிரித்தார். "வாப்பாட கடைக்காரர் ஒருத்தர் அந்தப் பேப்பரில சாமான் சுத்திக் கொண்டந்து தந்தார் ஐயா" என்றார். (மாங்கேணியிலிருந்து ஓட்டமாவடிச் சந்தைக்குப் போகும் மக்களுக்கு முஸ்லிம் கடைக்காரர் 'வாப்பா'தான்.) "நான்தான் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன்."

"எழுதியிருந்ததை அப்படியே வாசித்தீர்களா?"

"இல்ல. 'மாங்கேணி வேடர் சடங்கு' எண்டு எழுதியிருக்கு எண்டு சொன்னன். அப்பாக்குச் சரியான சந்தோசம். தட்டியில ஒட்டி வச்சிருந்தார். சூறாவளியோட போயிற்று."

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு பத்திரிகை ஆசிரியபீடம் முழுவதும் செய்யத் தவறிய திருத்தத்தைச் செய்திருக்கிறாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணீர் தந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26 இல், ஆழிப்பேரலை. வாகரைக் கரையும் தப்பவில்லை. அதன்பின் 2006. மக்கள் வாகரையில் முற்றுகைக்குள் சிக்கினர். நவம்பர் 8 இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்தோர் மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாயிற்று. இடம்பெயர்ந்தோர் திரும்பி வந்தபோது பந்தல் போட்ட வெளிகளில் பற்றை மண்டியிருந்தது.

2011 முதல் பாசிக்குடாவில் மீண்டும் ஹோட்டல்கள் எழுந்தன. முன்னையவற்றைவிடப் பெரியவை, நீச்சல் குளத்தோடு. கடல் இவ்வளவு அருகில் இருக்க நீச்சல் குளம் எதற்கு என்று நான் கேட்கப்போவதில்லை. தோணி இறக்கும் இடம் சுருங்கிவிட்டதாக மீனவர் முறையிட்டனர். 2019 இல் காயான்கேணிப் பவளப்பாறைப் பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது நல்ல செய்தி. அதே ஆண்டு ஏப்ரல் 21 இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, அந்தச் சீசன் பிறக்கும் முன்பே முடிந்தது. பின்பு பெருந்தொற்று, 2022 இல் எரிபொருள் வரிசை. பயணிகள் திரும்பி வரத்தான் செய்தார்கள்.

கடைசியாக நான் போனபோது ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறையில் ஒரு பலகை இருந்தது. வாரத்தின் நிகழ்ச்சிகள்: திங்கள் மீன் சுட்டு உண்ணல், புதன் மேலைத்தேய இசை, வெள்ளி கிராமிய நடனம். பணியில் நின்ற இளைஞரிடம் "இந்த வாரம் பக்கத்து ஊர்களில் குளிர்த்தி நடக்கிறதே, விருந்தினருக்குச் சொல்லுவீர்களா?" என்றேன். அவர் வாழைச்சேனைப் பக்கத்துப் பிள்ளை. குரலைத் தாழ்த்தி, "சொல்றதில்ல ஐயா. வந்து படம் எடுப்பாங்க, மறுகா வெள்ளிக்கிழமை இஞ்ச வந்து அதை ஆடச் சொல்லுவாங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. யாரும் அறியாமல் அழிவதா, அறியப்பட்டு ஆட்டம் ஆவதா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சாராவைக் கடலுக்கு எடுத்துச் சென்ற பரோன்செல்லியிடம் இருந்திருக்கலாம். ஆனால் கமார்க்கில் சிலையைத் தூக்குபவர்கள் இன்றும் ரோமா மக்களே. பார்க்க வந்தவர்கள் கரையில்தான் நிற்கிறார்கள். அந்த இடைவெளியை அங்கே எப்படிக் காத்தார்கள் என்பதை மார்செய் நண்பர் அறிந்து எழுதினால் நன்றியுடையேன்.

நண்பருக்கு நான் எழுதிய பதிலில் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: வருவதானால் வைகாசியில் வாருங்கள். பாசிக்குடாவில் தங்குங்கள், குளியுங்கள், தவறில்லை. மாலையில் வடக்கே வாருங்கள். பறையொலி கேட்டால் வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். செருப்பைக் கழற்றுங்கள். கைபேசியைப் பையில் வையுங்கள். வா என்று கூப்பிட்டால் மட்டும் பந்தலுக்குள் போங்கள்.

அந்தப் படம் என்னிடம் இல்லை. படப்பிடிப்பாளரும் இன்று இல்லை. சுருள் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. பத்திரிகை மரபில் தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவார்கள். என் பக்கம் இப்போது இது ஒன்றுதான். ஆகவே இங்கே வெளியிடுகிறேன்.

திருத்தம்: 1975 ஆம் ஆண்டு எனது கட்டுரையோடு வெளியான படத்தில் இருப்பது பாசிக்குடாவன்று. ஆடுபவர் உல்லாசப் பயணிகளுக்காக ஆடவில்லை. படவிளக்கம் பின்வருமாறு இருந்திருக்க வேண்டும்: 'மாங்கேணி வேடர் சடங்கு. தெய்வமாடுபவர் அவ்வூர்க் கட்டாடியார்.'